முப்பத்தாறு காய்களின் கணிதம்

குடும்பத்தார் அனைவரும் ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து ஆடுவதற்கென்று நம் காலத்தில் இயற்றப்பட்ட ஆட்டங்களுள், விதிகள் மிகச் சிலவாகவும் அவ்விதிகளிலிருந்து கிளைக்கும் யோசனை மிக விரிவாகவும் அமைந்த ஒன்றைச் சொல்லும்படி யாரேனும் கேட்டால், 'குவர்க்கிள்' என்னும் ஆட்டத்தின் பெயரை நான் தயக்கமின்றிச் சொல்லுவேன். அமெரிக்காவைச் சேர்ந்த சூசன் மெக்கின்லி ராஸ் என்னும் பெண்மணி இயற்றிய இவ்வாட்டத்தை மைண்ட்வேர் என்ற நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் வழங்கப்படுவதும், மேஜை ஆட்டங்களுக்குரிய பரிசுகளுள் பெருமதிப்பு வாய்ந்ததுமாகிய 'ஆண்டின் ஆட்டம்' என்னும் விருது 2011இல் இதற்குக் கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும், கணக்குப் போட்டே காலம் கழித்த தாத்தாவும் சமமாக உட்கார்ந்து ஆடக்கூடியது என்பது இதன் லௌகிகமான சிறப்பு. ஆனால் இந்த அத்தியாயத்தில் நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு சிறப்பு: இவ்வாட்டத்தின் பைக்குள் இருக்கும் காய்களை ஆட்ட விதிப்படி அடுக்குவது ஒரு குழந்தைக்கும் எளிது, அவ்விதியை அப்படியே தலைகீழாகத் திருப்பி அதே காய்களை அடுக்குவதோ, உலகில் பிறந்த எவராலும் ஆகாத காரியம். அந்த ஆகாமையை அறிந்துகொள்வதற்கு மனித குலத்துக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். ஒரு துணிப்பையில் 108 சதுர மரக் காய்கள் இருக்கின்றன. வட்டம், சதுரம், வைரம், நான்கு முனை நட்சத்திரம், எட்டு முனை நட்சத்திரம், நாலிதழ்ப் பூ என உருவங்கள் ஆறு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என வர்ணங்களும் ஆறு. ஒவ்வோர் உருவமும் ஒவ்வொரு வர்ணத்திலும் வருவதால் காய்களின் வகை 36. ஒவ்வொரு வகையிலும் மூன்று காய்கள். ஆடுகிறவர் ஒவ்வொருவரும் பைக்குள் கையிட்டு, பாராமல், ஆறு காய்களை எடுத்துக்கொள்கிறார். தம் முறை வரும்போது ஒரு காயையோ பல காய்களையோ ஒரே வரிசையில் வைத்து, மேஜைமேல் ஏற்கெனவே இருப்பவற்றோடு இணைக்கிறார். ஒரு வரிசையிலுள்ள காய்கள் யாவும் ஒன்று, ஒரே வர்ணத்தில் வெவ்வேறு உருவங்களாக இருக்க வேண்டும். அல்லது ஒரே உருவத்தில் வெவ்வேறு வர்ணங்களாக இருக்க வேண்டும். ஒரே காய் ஒரு வரிசையில் இருமுறை வரலாகாது. அமைத்த வரிசையில் எத்தனை காய்களோ அத்தனை புள்ளிகள். குறுக்கே இன்னொரு வரிசையும் அதனால் உண்டானால் அதற்கும் அவ்வாறே. ஒரு வரிசை ஆறு காய்களோடு முழுமை பெற்றுவிட்டால், ஆறுக்கு மேல் இன்னும் ஆறு சேர்த்துப் பன்னிரண்டு. விதி இவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய விதிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைக் காண, ஒரு காயை மட்டும் கையில் எடுத்து நோக்குவது நல்லது. சிவப்பு வட்டம் ஒன்று இருக்கிறதென்று கொள்வோம். வர்ணத்தால் அதனோடு சேரக்கூடியவை மற்ற ஐந்து சிவப்புக் காய்கள். உருவத்தால் சேரக்கூடியவை மற்ற ஐந்து வட்டங்கள். ஆகவே பிற 35 வகைகளுள் பத்து வகையே அதற்கு உறவு. எஞ்சிய 25 வகையும் அந்நியம். எந்தக் காயை எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. இனி, ஒன்றுக்கொன்று அந்நியமான இரண்டு காய்களை எடுத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு வட்டமும் நீலச் சதுரமும். இவ்விரண்டுக்கும் பொதுவான உறவினர் எத்தனை? சிவப்புச் சதுரம் ஒன்று, நீல வட்டம் மற்றொன்று, மூன்றாவது கிடையாது. அந்நியமான எந்த இரண்டு காய்களை எடுத்தாலும் அவற்றை இணைத்துவைக்கும் இடையாளர் இருவரே என்னும் இந்த நியதி, ஆட்டத்தின் போக்கை ஆடுகிறவர் அறியாமலே நடத்திக்கொண்டிருக்கிறது.

மேஜைமேல் வரிசைகள் குறுக்கும் நெடுக்கும் வளர வளர, இரண்டு வரிசைகள் சந்திக்கக்கூடிய வெற்றிடங்கள் தோன்றுகின்றன. இடமிருந்து வருவது சிவப்பு வரிசையாகவும் மேலிருந்து இறங்குவது வட்ட வரிசையாகவும் இருந்தால், அந்த இடத்துக்குத் தகுந்தது சிவப்பு வட்டம் ஒன்றே. அதுவும் உலகிலேயே மூன்று காய்கள்தாம். அம்மூன்றும் வேறெங்கோ விழுந்துவிட்டதைக் கண்டவருக்கு அந்த இடம் ஆட்டம் முடியும்வரை நிரம்பாது என்பது தெரியும். காணாதவர் அதற்காகக் காத்திருந்து கையைக் கெடுத்துக்கொள்வார். சிவப்பு வரிசையும் பச்சை வரிசையும் ஓரிடத்தில் சந்திக்க நேர்ந்தாலோ, ஒரு காய் ஒரே சமயத்தில் சிவப்பாகவும் பச்சையாகவும் இருக்க முடியாதாகையால், அந்த இடம் பிறக்கும்போதே மூடப்பட்ட இடம். தேர்ந்த ஆட்டக்காரர் இவ்வகை இடங்களை வேண்டுமென்றே உண்டாக்கி, எதிரி பன்னிரண்டு புள்ளி எடுக்கக்கூடிய வரிசையின் வாயை அடைத்துவிடுவதைக் காணலாம்.

ஐந்து காய்கள் நின்று ஆறாவதற்காகக் காத்திருக்கும் வரிசையே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. நான்காக இருந்த வரிசையில் ஐந்தாவது காயை வைத்தால் நமக்கு ஐந்து புள்ளி உடனே கிடைக்கும். அதே சமயம் எதிரிக்குப் பன்னிரண்டு புள்ளிக்கான கதவையும் நாமே திறந்துவிடுகிறோம். திறக்கலாமா கூடாதா என்பதை மனோதைரியத்தால் அல்ல, கணக்கால் தீர்மானிக்கலாம். பையிலும் பிறர் கையிலுமாக நாம் காணாத காய்கள் 60 என்றும், வேண்டிய காயின் மூன்று பிரதிகளும் அவற்றுள்ளேயே இருக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். எதிரே ஒருவர் மட்டும் ஆறு காய்களோடு அமர்ந்திருந்தால், அம்மூன்றில் ஒன்றாவது அவர் கையில் இருப்பதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 27.5. எதிரே மூவர் அமர்ந்திருந்தால், அவர்கள் கையிலுள்ள பதினெட்டுக் காய்களுள் அது இருப்பதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 66 ஆக ஏறிவிடுகிறது. மூன்று பிரதிகளுள் இரண்டு முன்பே மேஜையில் கிடந்து ஒன்றே எஞ்சியிருந்தால், முதற்கணக்கு 10 ஆகவும் இரண்டாம் கணக்கு 30 ஆகவும் இறங்கிவிடும். கணவனும் மனைவியும் இருவராய் ஆடுகையில் விவேகமான ஆட்டமாக இருப்பது, பிள்ளைகள் இருவர் வந்து சேர்ந்தவுடன் அவிவேகமாகிவிடுவது இதனால்தான். நிகழ்தகவு என்னும் கணிதப் பிரிவைப் பாடப் புத்தகத்தில் படித்து வெறுத்தவர்கள்கூட, தம் கை அனுபவமாக இதைக் கற்றுக்கொள்வதைப் பார்க்கும்போது, கல்வியைப் பற்றிய நம் அபிப்பிராயங்களை மறுபடி யோசிக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி, கையில் வந்து சேரும் ஆறு காய்களைப் பற்றி ஒரு வார்த்தை. 108 காய்களிலிருந்து ஆறு காய்களை எடுக்கும் விதங்கள் 191 கோடியே 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகவும் துரதிருஷ்டமான கை எது? ஆறு காய்களும் ஆறு வெவ்வேறு வர்ணங்களாகவும் ஆறு வெவ்வேறு உருவங்களாகவும் வந்து, எந்த இரண்டும் எதிலும் ஒத்துப்போகாமல், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும் கையே அது. அத்தகைய கைகள் 5,24,880. அதாவது, ஆட்டத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய 3,600 கைகளுக்கு ஒரு கை இப்படி அமையலாம். ஏழாவது காய் ஒன்று கொடுக்கப்பட்டால், வர்ணங்கள் ஆறேயாகையால், ஏதேனும் ஒரு வர்ணம் திரும்ப வந்தே தீரும். ஆறு என்பதுதான் இந்த முழு விரோதத்துக்கு எல்லை. ஆட்டக்காரர் சபிக்கும் இந்தக் கையைத்தான், இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் தலைசிறந்த கணித மேதை விரும்பித் தேடினார். ஒன்றல்ல, ஒன்றன்கீழ் ஒன்றாக ஆறு தேடினார்.

வகைக்கு ஒன்றாக 36 காய்களை மட்டும் எடுத்து, ஆறு வரிசையும் ஆறு பத்தியுமாக ஒரு பெருஞ்சதுரத்தில் அடுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் சிவப்பு எல்லாம், இரண்டாவதில் ஆரஞ்சு எல்லாம் என்று வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் உருவங்களை ஒரே ஒழுங்கில் நிறுத்தினால், வரிசைகளும் பத்திகளும் ஆக மொத்தம் பன்னிரண்டும் ஆட்ட விதிப்படி முழுமை பெற்றுவிடுகின்றன. இதைச் செய்யக் குழந்தைக்குச் சில நிமிஷங்கள் போதும். இப்போது விதியைத் திருப்பிவிடுவோம்: எந்த வரிசையிலும் எந்தப் பத்தியிலும் வர்ணமும் திரும்ப வரலாகாது, உருவமும் திரும்ப வரலாகாது. அதாவது, வரிசைகள் ஆறும் பத்திகள் ஆறும் மேலே சொன்ன முழு விரோதக் கைகளாக இருக்க வேண்டும். வரிசைகளை மட்டும் அப்படி அமைப்பது கடினமன்று. ஒவ்வொரு வரிசையிலும் வர்ணங்களை ஒரே ஒழுங்கில் நிறுத்தி, உருவங்களை வரிசைக்கு ஓரிடம் நகர்த்திக்கொண்டே போனால் முடிந்தது. ஆனால் அவ்வாறு செய்தால் பத்திகள் எல்லாம் ஒரே வர்ணமாகி, முற்றிலும் உறவாடும் கைகளாகிவிடுகின்றன. வரிசை, பத்தி இரண்டையும் ஒருங்கே விரோதமாக்க முயல்கிறவர் முப்பது காய்வரையில் மளமளவென்று வைத்துக்கொண்டே போவார்; கடைசிச் சில காய்களில் வந்து முட்டிக்கொண்டு நிற்பார்; கலைத்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

லியோனார்டு ஆய்லர் 1779ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானக் கழகத்தின் முன் இந்தப் பிரச்சினையைச் சேனை அதிகாரிகளைக் கொண்டு எடுத்துரைத்தார். ஆறு படைப்பிரிவுகள், ஆறு பதவிகள். ஒவ்வொரு படைப்பிரிவிலிருந்தும் ஒவ்வொரு பதவிக்கும் ஒருவராக 36 அதிகாரிகள். எந்த வரிசையிலும் எந்தப் பத்தியிலும் ஒரே படைப்பிரிவினர் இருவரோ, ஒரே பதவியினர் இருவரோ வராதபடி அவர்களைச் சதுரமாக நிறுத்த முடியுமா? எழுபது வயதைக் கடந்து, கண்பார்வையை அநேகமாக முற்றிலும் இழந்திருந்த நிலையில், இத்தகைய அடுக்குகளை மனத்திரையிலேயே தீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அம்மகானை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆராய்ச்சி 1782இல் நெதர்லாந்தில் பிரசுரமாயிற்று. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

நான்குக்கு நான்கான சதுரம் அதற்கு முன்பே ஐரோப்பாவில் பழக்கமானது: சீட்டுக்கட்டிலுள்ள நான்கு ஜாதிகளின் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய பதினாறு சீட்டுகளை இவ்வாறு அடுக்கும் விநோதம், பிரெஞ்சுக் கணிதர் ஜாக் ஓசனாம் பெயரால் வழங்கிய நூலின் 1725ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வெகு தூரத்தில், 1715இல் காலமான கொரிய நாட்டு மந்திரி சோய் சொக்-ஜொங் என்பவர், ஒன்பதுக்கு ஒன்பதான சதுரத்தையே தம் கணித நூலில் அமைத்துக் காட்டியிருந்தார் என்பதையும் இங்கே சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஆய்லர் ஒற்றைப்படை எண்களுக்கெல்லாம் வழி கண்டார். நான்கால் வகுபடும் எண்களுக்கும் வழி கண்டார். எஞ்சியவை 2, 6, 10, 14, 18 என்று போகும் எண்கள். இரண்டில் முடியாது என்பது நான்கு காய்களை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆறில் எவ்வளவோ முயன்றும் கிடைக்காததனால், அது முடியாதது என்றும், அவ்வரிசையிலுள்ள எண்கள் யாவற்றிலுமே முடியாதது என்றும் தாம் கருதுவதாக எழுதிவைத்தார். நிரூபணம் அவரிடம் இல்லை.

ஆறு என்ற எண்ணில் என்ன கோளாறு என்பதை, முழுவதும் அல்லாவிடினும், ஓர் எட்டுத் தூரம் நாமே சென்று காணலாம். வரிசைகளுக்கு 0 முதல் 5 வரையிலும், பத்திகளுக்கு 0 முதல் 5 வரையிலும், உருவங்களுக்கும் அவ்வாறே 0 முதல் 5 வரையிலும் எண் இடுங்கள். வர்ணங்களை மறந்துவிட்டு, முதலில் உருவங்களை மட்டும் வைப்போம். மிக இயல்பான வழி, வரிசைக்கு ஓரிடமாக நகர்த்துவது; அப்போது ஓர் இடத்திலுள்ள உருவத்தின் எண், அதன் வரிசை எண்ணையும் பத்தி எண்ணையும் கூட்டி, ஆறோ அதற்கு மேலோ வந்தால் ஆறைத் தள்ளிவிட எஞ்சுவதாகும். இனிச் சிவப்பு வர்ணத்துக்கு ஆறு இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: வரிசைக்கு ஒன்று, பத்திக்கு ஒன்று, உருவத்துக்கு ஒன்று. தேர்ந்தெடுத்த இடங்களின் வரிசை எண்களைக் கூட்டினால் 15. பத்தி எண்களைக் கூட்டினாலும் 15. இரண்டும் சேர்ந்து 30. ஆகவே அவ்விடங்களிலுள்ள உருவ எண்களின் கூட்டுத்தொகை, முப்பதிலிருந்து ஆறு ஆறாகத் தள்ளக் கிடைக்கும் எண்ணாகவே இருக்க வேண்டும். அதாவது ஆறால் மிச்சமின்றி வகுபட வேண்டும். ஆனால் ஆறு உருவங்களும் ஒவ்வொன்றாக வந்தால் அவற்றின் தொகை 15. அது ஆறால் வகுபடாது. ஆறு வர்ணங்களையும் அமர்த்துவது ஒருபுறமிருக்க, சிவப்பு ஒன்றைக்கூட அமர்த்த இடமில்லை! ஆறுக்குப் பதிலாக ஏழை வைத்துக் கணக்கிட்டால் 42, 21 இரண்டுமே ஏழால் வகுபட்டு, தடை தானாகவே விலகிவிடுவதைக் காண்பீர்கள். கூட்டல் மட்டும் தெரிந்த ஒருவர், கோடிக்கணக்கான முயற்சிகளை ஒரு நொடியில் வேண்டாமென்று தள்ளிவிடும் இந்த யுக்தியின் அழகு என்னை இன்றும் விட்டபாடில்லை.

ஆயினும் இது ஒரே ஒரு வகை அடுக்கைத்தான் ஒழிக்கிறது. நகர்த்தி வைப்பதல்லாமல், உருவங்களை வரிசைக்கு ஒருமுறை, பத்திக்கு ஒருமுறை வரும்படி வைக்கும் மற்ற வழிகள் மிக ஏராளம்; ஆறுக்கு ஆறில் எல்லாம் சேர்த்து 81 கோடியே 28 லட்சத்து 51 ஆயிரத்து 200. அவற்றுட் பலவற்றில் ஒரு வர்ணத்துக்கு இடம் கிடைக்கும்; சிலவற்றில் இரண்டு மூன்று வர்ணங்களுக்கும் கிடைக்கும். ஆறுக்கும் கிடைக்கும் ஒன்று அவற்றுள் எங்கேனும் இல்லையென்று யார் சொல்வது? அதைச் சொன்னவர், கணிதப் பேராசிரியர் பதவி எதிலும் இராமல், ஆல்ஜீரியாவில் பிரெஞ்சு அரசாங்கத்தின் நிதி நிர்வாகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, கணிதத்தை அன்பினால் பயின்ற காஸ்தோன் தாரி என்பவர். முதல் வரிசையும் முதல் பத்தியும் இயல்பான ஒழுங்கில் நிற்கும்படி மாற்றிக்கொண்டால் கணக்கு 9,408 ஆகக் குறைகிறது. அவற்றையும் ஒன்றுக்கொன்று சாயலுடையவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதினேழு குடும்பங்களாக வகுத்து, ஒவ்வொன்றையும் பொறுமையோடு சோதித்து, ஆறில் முடியாது என்று 1900ஆம் ஆண்டில் அவர் நிரூபித்தார். கணினி என்ற சொல்லே பிறவாத காலம். அதன் பிறகு 1984இல் டக்ளஸ் ஸ்டின்சன் என்னும் கணிதர், அவ்வளவு சோதனையின்றிச் சில பக்கங்களில் முடியும் நிரூபணம் ஒன்றைக் கொடுத்தார். எனினும் தாரியின் உழைப்பின்மேல் எனக்குள்ள மரியாதை அதனால் குறையவில்லை. ஒன்று முடியாதென்று ஊகிப்பதற்கும், முடியாதென்று அறிவதற்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த உத்தியோகஸ்தர் தம் ஓய்வு நேரத்தில் நடந்தே கடந்தார். முடியாதது என்றாலும் எவ்வளவு அருகில் போகலாம் என்று கேட்பவர்களுக்கு விடை: வரிசைகளிலும் பத்திகளிலும் வர்ணமோ உருவமோ திரும்பாமல் வைத்து, 36 வகைகளுள் 34 வகைகள்வரை வரச்செய்யலாம், எஞ்சிய இரண்டு இடங்களில் முன்பே வந்த வகைகள் திரும்ப வரும்.

இதுவரை விநோதக் கணக்காக இருந்த பொருள், இருபதாம் நூற்றாண்டில் வயற்காட்டுக்குச் சென்றது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் பணிபுரிந்த ரொனால்டு ஃபிஷர், ஒரு வயலின் மண் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகப் போக வளத்தில் மாறிக்கொண்டே போவதனால், இந்த விதை நன்றாக விளைந்ததா, இந்த மூலையின் மண் நன்றாக இருந்ததா என்று பிரித்தறிய முடியாமற் போவதைக் கண்டார். ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பத்தியிலும் ஒருமுறை வரும்படி விதைத்தால், மண்ணின் ஏற்றத்தாழ்வு எல்லா விதைக்கும் சமமாகப் பங்கிடப்பட்டுவிடும் அல்லவா? விதையோடு உரத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டுமானால், விதை உருவமாகவும் உரம் வர்ணமாகவும் நின்று, ஆய்லரின் சதுரமே வயலாகிவிடுகிறது. ஆறு விதைகளையும் ஆறு உரங்களையும் இம்முறையில் ஒரே சதுர வயலில் சோதிக்க இயலாதென்பது, அப்போது ஏட்டுச் செய்தியாக இல்லாமல், விவசாய விஞ்ஞானியின் கையைக் கட்டும் செய்தியாயிற்று. 1934இல் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் ஆறுக்கு ஆறான சதுரங்களைத் தாமே எண்ணிப் பார்த்து, தாரி சொன்னது சரியே என்று உறுதிசெய்தனர்.

இந்த விவசாயக் கணக்கின் வழியாகத்தான் இந்தியர் இருவர் இக்கதைக்குள் வருகிறார்கள். 1932இல் புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் அழைப்பின்பேரில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்த ராஜ் சந்திர போஸ், வடிவ கணிதத்தில் ஊறிய மனத்தோடு ஃபிஷரின் வயல்களை நோக்கினார். எண்ணிக்கை ஒரு பகா எண்ணாகவோ அதன் அடுக்காகவோ இருக்குமிடத்தில் இச்சதுரங்களை எத்தனை எத்தனை அமைக்கலாம் என்பதை 1938இல் எழுதினார். 1949இல் அவர் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவரிடம் பயின்றவர், மத்தியப் பிரதேசத்துச் சாகர் நகரத்தில் பிறந்த சரத்சந்திர சங்கர் ஸ்ரீகண்டே. குருவும் சிஷ்யருமாகிய இவ்விருவரும் 1959இல், ஆய்லர் முடியாதென்ற எண்களுள் ஒன்றாகிய 22இல் சதுரம் அமைத்துக் காட்டினார்கள். உடனே ஏர்னஸ்ட் பார்க்கர் என்னும் அமெரிக்கர் பத்துக்குப் பத்திலும் அமைத்தார். பிறகு மூவரும் கூடி, 2, 6 என்னும் இரண்டைத் தவிர மற்ற எல்லா எண்களிலும் முடியும் என்று நிரூபித்துவிட்டார்கள். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணித உலகம் நம்பிவந்த வாக்கு வீழ்ந்த செய்தி, 1959 ஏப்ரல் 26ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதற்பக்கத்தில் வெளியாயிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதத்துச் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் அட்டையை அந்தப் பத்துக்குப் பத்துச் சதுரமே வர்ணங்களாக அலங்கரித்தது. ஆய்லர் ஆறில் கண்டது உண்மை. ஆறிலிருந்து பத்துக்குத் தாவியதுதான் பிசகு. ஒரு சிறிய எண்ணில் கண்ட தடையைப் பெரிய எண்களின்மேல் ஏற்றிச் சொல்லும் ஆசை, அவ்வளவு பெரிய மேதையையும் விடவில்லை.

அதே 1959ஆம் ஆண்டில் ஸ்ரீகண்டே எழுதிய மற்றொரு கட்டுரை, இவ்வளவு புகழ் பெறவில்லையாயினும், நம் குடும்ப ஆட்டத்தை நேரடியாகத் தொடுகிறது. ஒரு காய்க்குப் பத்து உறவு. உறவான இரண்டு காய்களுக்குப் பொதுவான உறவு நான்கு. அந்நியமான இரண்டுக்கு இரண்டு: இந்த எண்களை மட்டும் சொல்லி, வர்ணத்தையும் உருவத்தையும் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், 36 பொருள்களைக் கொண்ட ஓர் உறவுமுறையை அமைக்கும்படி ஒருவரிடம் கேட்டால், அவர் எப்படி அமைத்தாலும் அது நம் ஆட்டத்தின் அமைப்பாகவே வந்து முடியும் என்பது அக்கட்டுரையின் முடிபிலிருந்து பெறப்படுகிறது. ஐந்து வர்ணம் ஐந்து உருவம் என்றாலும், ஏழு ஏழு என்றாலும் அவ்வாறே. விதிவிலக்கு நான்கு மட்டுமே. பதினாறு பொருள்களில், எண்கள் எல்லாம் ஒத்திருந்தும், வர்ணமாகவும் உருவமாகவும் பிரித்துக் காட்டவே முடியாத வேறோர் உறவுமுறை ஒன்று உண்டு. அதைக் கணிதர்கள் இன்று ஸ்ரீகண்டேயின் பெயராலேயே வழங்குகிறார்கள். அவர் நூற்றிரண்டு வயது வாழ்ந்து 2020இல் மறைந்தார். அவர் மறைவைப் பற்றி நம் பத்திரிகைகள் இன்னும் சற்று விரிவாக எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பத்து என்ற எண் இன்னும் முழுவதும் அடங்கிவிடவில்லை. வர்ணம், உருவம் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு குணத்தையும், எடுத்துக்காட்டாக ஒவ்வொரு காயிலும் ஓர் இலக்கத்தையும் சேர்த்து, எந்த இரண்டு குணங்களை எடுத்தாலும் அவை ஆய்லர் விதிக்கு உட்பட்டிருக்கும்படி பத்துக்குப் பத்தில் அடுக்க முடியுமா என்ற வினாவுக்கு, இவ்வளவு கணினி வலிமை வந்த பின்னும் விடை கிடைக்கவில்லை.

ஆறுக்கோ, ஒருவரும் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு புது விடை வந்தது. குவாண்டம் இயற்பியலின் உலகத்தில் ஒரு பொருள் ஒரே ஒரு நிலையில்தான் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பல நிலைகள் குறிப்பிட்ட விகிதங்களில் கலந்த ஒரு நிலையில் அது இருக்கலாம். இரண்டு குணங்கள் தனித்தனியே சொல்ல முடியாதபடி ஒன்றோடொன்று பிணைந்தும் இருக்கலாம். ஆய்லரின் அதிகாரிகளை இவ்வாறு பிணைந்த நிலைகளாகக் கொண்டால், 'திரும்ப வரலாகாது' என்ற பழைய விதி, 'ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்க வேண்டும்' என்ற விதியாக மாறுகிறது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அருள் லட்சுமிநாராயண், சுஹைல் அகமது ராதர் ஆகிய இருவரும், போலந்து நாட்டுக் கிராக்கோ நகரத்தின் யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்துக் கரோல் ஜிச்கோவ்ஸ்கி முதலானோரும் சேர்ந்து, பழைய முறையில் ஏறக்குறைய வெற்றிபெற்று நூலிழையில் தவறிய அடுக்குகளையே வித்தாகக் கணினிக்குக் கொடுத்து, அவற்றைப் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போய், குவாண்டம் முறையில் 36 அதிகாரிகளும் குறையின்றி நிற்கும் சதுரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஆராய்ச்சி 2022இல் ஃபிஸிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ் என்னும் பத்திரிகையில் வெளிவந்தது. அச்சதுரத்தில் ஆறு பதவிகள் இரண்டிரண்டாக மூன்று ஜோடிகளாகவும், ஆறு படைப்பிரிவுகள் அவ்வாறே மூன்று ஜோடிகளாகவும் கலக்கின்றன. அக்கலப்பின் அளவுகளில், ஏறக்குறைய 1.618 ஆகிய பொன்விகிதம் வந்து நிற்கிறது. ஆறு ஆறு நிலைகளையுடைய நான்கு துகள்களை, அவற்றை எப்படி இரண்டிரண்டாகப் பிரித்தாலும் பிணைப்பு உச்ச அளவில் இருக்கும்படி சேர்க்க முடியுமா என்று நெடுங்காலமாக ஐயுற்றிருந்த வினாவுக்கு இதனால் முடியும் என்ற விடை கிடைத்தது. ஆறு நிலைகளையுடைய ஒரு துகளில் அடங்கும் செய்தியை மூன்று துகள்களில் பரப்பி வைத்து, அவற்றுள் ஒன்றில் பிழை நேர்ந்தால் நேர்ந்ததென்று கண்டுகொள்ளும் சங்கேதம் ஒன்றையும் அவர்கள் அச்சதுரத்திலிருந்தே அமைத்திருக்கிறார்கள்.